நினைவும் நல்முடிவும்

"பெரியவருக்கு நினைவு தப்பிவிட்டது, இனி அவரைக் கேட்டு என்ன பயன்?" என்னும் சொல்லை இன்று பல இல்லங்களில் கேட்கிறோம். "நடந்தவை அனைத்தும் நேற்று நடந்தாற்போல் எனக்கு நினைவிருக்கிறது, ஆகவே நான் சொல்வதே சரி" என்னும் சொல்லையும் அதே இல்லங்களில் கேட்கிறோம். பூர்வீக நிலத்தை விற்பதா வைத்துக்கொள்வதா, கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு நகரத்திற்குச் செல்வதா, பேத்திக்கு வந்த வரனை ஏற்பதா, அறுவைச் சிகிச்சைக்கு உடன்படுவதா என்று குடும்பங்கள் கூடி முடிவெடுக்கும் வேளைகளில்தான் இவ்விரு சொற்களும் மிகுதியாக எழுகின்றன. இரண்டிற்கும் அடிப்படையாக நிற்பது ஒரே கருத்து. நினைவு வலிதாயின் முடிவும் நன்றாக அமையும். நினைவு மெலிந்தால் முடிவும் மெலியும் என்பதே அது.

இக்கருத்து எவ்வளவு தூரம் உண்மை? இளமையில் எடுக்கும் முடிவுக்கும், நடுவயதில் எடுக்கும் முடிவுக்கும், முதுமையில் எடுக்கும் முடிவுக்கும் நினைவு ஒரே வகையில்தான் துணை செய்கின்றதா? நம் ஆகமங்கள் இதுபற்றிக் கூறுவதையும், இக்கால உளவியலார் கண்டறிந்தவற்றையும் அருகருகே வைத்து எண்ணிப் பார்த்தல் நமக்குப் பயன்தரும்.

ஆகமம் கூறும் நினைவு

ஐவகை ஞானங்களுள் முதலாவதாகிய மதிஞானத்தைப் பற்றிக் கூறுமிடத்து, உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் முதல் அத்தியாயத்தில் மதி, ஸ்மிருதி, சம்ஜ்ஞை, சிந்தை, அபிநிபோதம் ஆகியவற்றை ஓரினமாக எண்ணுகிறார். இவற்றுள் ஸ்மிருதி என்பதே நினைவு. தொடர்ந்து, அறிவு ஒரு பொருளைப் பற்றும் முறையை அவக்ரகம், ஈஹை, அவாயம், தாரணை என நான்கு படிகளாக வகுக்கிறார். இதற்குப் பூஜ்யபாத சுவாமிகள் சர்வார்த்தசித்தி உரையில் எளிய எடுத்துக்காட்டு ஒன்றைத் தருகிறார். தொலைவில் வெண்மையாக ஏதோ தோன்றுவது அவக்ரகம். அது கொக்கோ கொடியோ என ஆராய முற்படுவது ஈஹை. எழுவதும் தாழ்வதும் இறகசைப்பதும் கண்டு, கொக்கே எனத் துணிவது அவாயம். அவ்வாறு துணிந்ததைக் காலம் கடந்தும் மறவாதிருப்பது தாரணை.

இந்த வரிசையைச் சற்றே உற்றுநோக்க வேண்டும். நாம் பொதுவாக நினைவு முதலில் இருக்கிறது, அதிலிருந்து முடிவு பிறக்கிறது என எண்ணுகிறோம். ஆகமமோ துணிவை முன்னும் நினைவைப் பின்னும் வைக்கிறது. இங்கே துணிவு என்பது பொருளை இன்னதெனத் தெளிதலேயன்றி, இன்ன செயலைச் செய்வேன் என்று உறுதிகொள்வது அன்று. ஆயினும் வாழ்க்கையின் முடிவுகளுக்கும் இவ்வரிசை பொருந்தி வருகிறது. ஒருவரை நாம் எவ்வாறு மதிப்பிட்டோமோ அவ்வாறே அவர் நம் நினைவில் தங்குகிறார். "அண்ணன் என்னை ஏமாற்றினார்" என்று துணிந்தவன் மனத்தில் ஏமாற்றிய அண்ணனே நிலைபெறுகிறார். "அண்ணன் அறியாமல் செய்தார்" என்று துணிந்தவன் மனத்தில் அறியாமல் செய்த அண்ணன் நிலைபெறுகிறார். நிகழ்ச்சி ஒன்றே, தாரணை இரண்டு. பத்தாண்டு கழித்து இருவரும் எடுக்கும் முடிவுகள் அந்தத் தாரணைகளிலிருந்து பிறக்கும். ஆகவே இன்று அவசரப்பட்டுத் துணிவது நாளைய நினைவையும் கெடுக்கிறது.

நினைவுக்கு நம் தருக்க நூலார் தந்த இடம் தனிச்சிறப்புடையது. நியாயம், மீமாம்சை முதலிய தரிசனத்தார் நினைவைப் பிரமாணமாக ஏற்பதில்லை. முன்னரே அறிந்ததையே அது திரும்பக் காட்டுகிறது, புதிதாக எதையும் அறிவிப்பதில்லை என்பது அவர்தம் வாதம். அகளங்கதேவரும், அவர்வழி வந்த மாணிக்கநந்தி ஆசாரியரும் அதனை மறுத்து, ஸ்மிருதி, பிரத்யபிஜ்ஞானம், தர்க்கம், அனுமானம், ஆகமம் எனப் பரோட்சப் பிரமாணங்களை ஐந்தாக வகுத்து, நினைவையே முதலில் வைத்தனர். புகையும் நெருப்பும் இணைந்திருந்ததை நினைவிற் கொள்ளாதவன், மலைமீது புகை கண்டு நெருப்பை எவ்வாறு உணர்வான்? முன்பு கண்டவனையே இன்றும் காண்கிறேன் என்று எவ்வாறு அறிவான்? நினைவைப் பிரமாணம் அன்று எனத் தள்ளினால் அதன்மேல் எழுந்த அனுமானமும் நிற்காது.

ஆனால் அதே மாணிக்கநந்தி ஆசாரியர் தம் பரீட்சாமுகம் என்னும் நூலின் இறுதிப் பகுதியில் போலி நினைவையும் விளக்குகிறார். ஜினதத்தனைக் கண்டு, "அந்தத் தேவதத்தன்" என நினைவுகூர்வது போன்றது அது. நினைவு பிரமாணம் ஆகலாம், பிழைபட்டும் போகலாம். போலி நினைவு உடையவனுக்கு அது போலி என்று தோன்றுவதே இல்லை என்பதுதான் இதிலுள்ள இடர். மெய்ந்நினைவு எவ்வளவு தெளிவாகத் தோன்றுமோ அவ்வளவு தெளிவாகவே பொய்ந்நினைவும் தோன்றும்.

உளவியலார் கண்டவை

ஆசிரியப் பயிற்சி மாணவியராக இருந்த நாளில், ஹெர்மன் எபிங்ஹாஸ் என்னும் ஜெர்மானிய அறிஞரின் மறதிக் கோட்டினை எங்களுக்கு உளவியல் பாடத்தில் கற்பித்தனர். 1885ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலில், பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தம்மையே சோதித்துக்கொண்ட முடிவுகளைத் தந்தார். கற்றதில் பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளேயே நழுவிவிடுகிறது. எஞ்சியது மெல்லத் தேய்கிறது. மறுபடியும் மறுபடியும் இடைவெளி விட்டுப் படிப்பதே மறதிக்கு மருந்து என வகுப்பறையில் நாங்கள் கடைப்பிடித்ததும் இதனால்தான்.

மறதியைக் காட்டிலும் நுட்பமானது நினைவின் திரிபு. இங்கிலாந்து உளவியலார் பிரெடரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நூலில், வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றைப் படிக்கச் செய்து, நாள் கழித்துத் திரும்பச் சொல்லுமாறு கேட்டதன் விளைவுகளை விளக்கினார். சொன்னவர்கள் தமக்குப் பழக்கமில்லாத பகுதிகளைத் தம்மை அறியாமல் விட்டும், தமக்குப் பழக்கமானவற்றைச் சேர்த்தும் கதையை மாற்றினர். பெட்டியில் வைத்த பட்டுச்சேலையை எடுப்பது போன்ற செயலாக நினைவுகூர்தலை நாம் கருதுகிறோம். உண்மையில் அது ஒவ்வொரு முறையும் புதிதாக நெய்வதற்கு ஒப்பானது என அவர் ஆய்வு காட்டிற்று.

1974இல் எலிசபெத் லோஃப்டஸ், ஜான் பாமர் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர் ஊர்தி விபத்துப் படங்களைக் காட்டி, வண்டிகள் எவ்வளவு விரைவாகச் சென்றன என்று கேட்டனர். "மோதி நொறுங்கியபோது" என்று கேட்கப்பட்டவர்கள் சராசரியாக மணிக்கு 41 மைல் அளவில் கூறினர். "இடித்தபோது" என்று கேட்கப்பட்டவர்கள் 34 மைல் என்றனர். இதே போன்ற மற்றொரு சோதனையில், ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என்று கேட்டபோது, முதல் வகையினரில் 50 பேருக்கு 16 பேர் கண்டதாகக் கூறினர். இரண்டாம் வகையினரில் 50 பேருக்கு 7 பேர். படத்திலோ உடைந்த கண்ணாடி இல்லை. கேட்பவர் பயன்படுத்திய ஒரு வினைச்சொல் கண்டவர் நினைவையே மாற்றிவிட்டது. பாகப்பிரிவினைப் பேச்சில் நடுவராக அமர்வோர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும். "அன்று அவர் உங்களை அவமதித்தபோது" என்று தொடங்கும் கேள்வி, இல்லாத அவமதிப்பையும் உண்டாக்கிவிடும்.

இன்னொரு சோதனையும் குறிப்பிடத்தக்கது. 1993இல் டேனியல் கானமனும் அவருடன் பணியாற்றியோரும், மிகக் குளிர்ந்த நீரில் ஒரு நிமிடம் கையை வைத்திருக்கச் செய்தனர். மற்றொரு முறை அதே ஒரு நிமிடத்தோடு, நீரைச் சிறிதளவே வெதுவெதுப்பாக்கி, மேலும் அரை நிமிடம் வைத்திருக்கச் செய்தனர். எதனை மீண்டும் செய்ய விரும்புகிறீர்கள் என்று கேட்டபோது, பெரும்பாலோர் நீண்ட துன்பத்தையே தேர்ந்தனர். முடிவு சற்று எளிதாக இருந்தமையால் முழுவதும் எளிதாக இருந்ததென நினைவு கூறிற்று. நினைவு காலத்தின் நீளத்தைக் கணக்கிடுவதில்லை. உச்சியையும் முடிவையுமே வைத்து மதிப்பிடுகிறது. முப்பது ஆண்டுகள் மாமியாரைப் பேணிய மருமகள் கடைசி மாதத்தில் ஒருநாள் சினந்து பேசிய சொல்லே ஊரார் நினைவிலும் உறவினர் நினைவிலும் நின்றுவிடுவது இதனால்தான். அந்த நினைவை வைத்துக்கொண்டு அவளுக்கு உரியதை மறுப்பது எத்துணைப் பெரிய அநீதி!

பருவந்தோறும் மாறும் துணை

இளையோர்க்கு நினைவாற்றல் மிகுதி. ஆனால் நினைவில் வைக்கத்தக்க அனுபவம் குறைவு. ஆகவே அவர்கள் பிறர் அனுபவத்தைக் கடன் வாங்கியே முடிவெடுக்க வேண்டும். பெற்றோர் சொல், ஆசிரியர் சொல், நூல் இவையே அவர்தம் கருவூலம். நடுவயதில் அனுபவமும் நினைவும் ஒருங்கே இருக்கும். ஆயினும் அவற்றை எடுத்துப் பார்க்கும் ஓய்வு இராது. அலுவலும், பிள்ளைகள் படிப்பும், கடனும், பெற்றோர் நோயும் ஒருசேர நெருக்க, சென்ற முறை செய்ததையே இம்முறையும் செய்துவிடுகிறோம்.

முதுமையைப் பற்றித்தான் தவறான எண்ணங்கள் மிகுதி. ரேமண்ட் கேட்டல் என்னும் உளவியலார் 1963இல் அறிவாற்றலை இருவகையாகப் பிரித்து விளக்கினார். புதியதொன்றை விரைந்து பிடித்து ஆராயும் திறன் ஒன்று. நெடுநாள் சேர்ந்து உறைந்த அறிவு மற்றொன்று. முன்னது இளமைக்குப் பின் படிப்படியாகக் குறைகிறது. பின்னதோ நடுவயது கடந்தும் வளர்ந்து, முதுமையிலும் நெடுநாள் நிலைத்து நிற்கிறது. கண்ணாடியை வைத்த இடம் மறந்த பாட்டியார், ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைச் செய்தியையும் பிழையின்றிக் கூறுவது இதற்குச் சான்று.

முதியோர் நினைவில் வேறொரு தன்மையும் உண்டு. ஏறத்தாழ 10 வயது முதல் 30 வயது வரையிலான நிகழ்ச்சிகள் மற்றக் காலத்து நிகழ்ச்சிகளைவிட மிகுதியாகவும் தெளிவாகவும் நினைவில் நிற்கின்றன. முதற்பள்ளி, திருமணம், முதல் வேலை யாவும் அக்காலத்தனவே. இதனால் முதியவர் ஒருவர் நிலத்தின் விலையையும் திருமணச் செலவையும் ஊர் வழக்கையும் அந்த நாள் அளவுகோலால் அளக்க நேர்கிறது. அவர் அறிவு குறைந்தவர் அல்லர். அவர் கையிலுள்ள படி பழையது. இன்றைய படியை அவர் கையில் கொடுத்தால் அளவையும் சரியாகவே செய்வார்.

கேட்ட செய்தி நினைவிருந்து, அதை எங்கே, யாரிடம் கேட்டோம் என்பது மறந்துபோவது முதுமையின் இன்னோர் இயல்பு. தொலைபேசியில் வங்கி அதிகாரி எனப் பேசி முதியோர் பணத்தைக் கவர்வோர் பெரிதும் நம்பியிருப்பது இந்தப் பலவீனத்தையே. "எங்கோ கேட்டது போலிருக்கிறது" என்பது நம்பத்தக்க சான்று ஆகாது. பணம் தொடர்பான முடிவில் "இதை எனக்குச் சொன்னவர் யார்?" என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளும் பழக்கம் பெரிய காப்பு.

மேலும், மாரா மாதர், மார்சியா ஜான்சன் என்போர் 2000இல் வெளியிட்ட ஆய்வொன்று, மக்கள் தாம் தேர்ந்ததன் நன்மைகளையும் தேராததன் குறைகளையும் மிகுத்து நினைவுகூர்கின்றனர் என்றும், முதியோரிடம் இப்போக்கு இன்னும் கூடுதல் என்றும் காட்டியது. இதனால் மனநிறைவு கிட்டுகிறது, அது நல்லதே. ஆனால் "நான் எடுத்த முடிவு எதுவும் தவறியதில்லை" என்று ஒரு பெரியவர் கூறுவாராயின், அது அவர் முடிவுகளைப் பற்றிய செய்தியா, அவர் நினைவைப் பற்றிய செய்தியா என்று நாம் அன்போடு எண்ணிப் பார்க்கலாம்.

ஞானாவரணீயமும் மோகனீயமும்

இனி நம் தலைமைக் கேள்விக்கு வருவோம். நினைவு மெலிந்தவரின் முடிவு மதிப்பிழந்ததா?

எண்வினைகளுள் அறிவை மறைப்பது ஞானாவரணீயம்; காட்சியையும் ஒழுக்கத்தையும் மயக்குவது மோகனீயம். இவை இரு வேறு வினைகள். நினைவு தேய்வது ஞானாவரணீயத்தைச் சார்ந்தது. சினம், செருக்கு, மாயம், பற்றுள்ளம் என்னும் கஷாயங்களால் ஒருவன் தவறான முடிவெடுப்பது மோகனீயத்தைச் சார்ந்தது. கோணலான முடிவுகளைக் கணக்கிட்டுப் பார்த்தால், மறதியால் விளைந்தவை சில. ஆசையாலும் வெகுளியாலும் விளைந்தவை பல. நூற்றுக்கணக்கான பத்திரங்களை நினைவில் வைத்திருப்பவர் தம்பியின் பங்கைக் கவர முடிவு செய்யலாம். நேற்று உண்டது மறந்த முதியவர், "அவனுக்கும் பிள்ளைகள் உண்டு, கொடுத்துவிடு" என்று கூறலாம். இவர்களுள் நல்முடிவு எடுத்தவர் யார்?

பொன்னூர் மலையில் திருவடி பதித்த நம் குந்தகுந்த ஆசாரியர், பாவபாகுடம் என்னும் நூலில் சிவபூதி முனிவரை நினைவூட்டுகிறார். அம்முனிவர் பாடம் எதையும் மனத்தில் இருத்த இயலாதவர். விருப்பும் கொள்ளாதே, வெறுப்பும் கொள்ளாதே என்று குரு கற்பித்த சிறு தொடரும் அவர் நினைவில் திரிந்து, 'துஷ மாஷ' என உமியையும் உளுந்தையும் குறிக்கும் ஒலியாக நின்றதாக அவர் வரலாறு கூறும். ஒருநாள் ஒரு பெண்மணி உளுந்தைக் களைந்து தோல் நீக்குவதைக் கண்டார். தோல் வேறு, பருப்பு வேறு, உடல் வேறு, உயிர் வேறு எனத் தெளிந்தார், கேவலஞானம் எய்தினார். அங்கங்களையும் பூர்வங்களையும் ஓதியவர் அடையாததை, ஒரு தொடரைப் பிழையாக நினைத்தவர் அடைந்தார். நினைவு சிறிதாயினும் மோகம் நீங்கிய இடத்தில் துணிவு தெளிவாயிற்று.

எனினும் இதனைக் கொண்டு நினைவை இகழ்ந்துவிடலாகாது. கல்வியும் ஆகமப் பயிற்சியும் பொதுவழி. சிவபூதி முனிவர் வழி அரியவழி. நம்மைப் போன்ற இல்லறத்தார்க்கு இரண்டும் வேண்டும். நினைவு குறைந்தால் எழுத்தும் துணைவரும் அதை ஈடுசெய்யலாம். மோகம் மிகுந்தால் அதை ஈடுசெய்ய வெளியில் ஒரு துணை கிடையாது.

எதை நினைப்பது, எதை மறப்பது

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தைப் படிப்போர்க்கு ஒரு வியப்பு தோன்றும். திசைவிரதத்தின் அதிசாரங்களுள், தான் வகுத்த எல்லையை மறந்துபோதலும் ஒன்றாக எண்ணப்பட்டுள்ளது. சாமாயிகத்திலும் புரோஷதோபவாசத்திலும் நினைவின்மை ஓர் அதிசாரமே. "மறந்துவிட்டேன்" என்பது உலகியலில் மன்னிப்புக்குரிய காரணம். விரதம் ஏற்றவர்க்கோ அதுவே குறை. ஏனெனில் கவனமின்மையாகிய பிரமாதம் வினைக்கட்டின் காரணங்களுள் ஒன்று. நாம் ஏலாசாரியர் அருளியதெனப் போற்றும் திருக்குறளிலும் பொச்சாவாமை என ஓர் அதிகாரம் இருப்பதை இங்கு எண்ணலாம்.

அதே அத்தியாயத்தில் நினைத்தலும் குற்றமாகச் சொல்லப்பட்டுள்ளது. பிரம்மசரிய விரதத்தை உறுதிப்படுத்தும் பாவனைகளுள் ஒன்று, முன்பு நுகர்ந்த இன்பங்களை மீண்டும் நினையாமை. சல்லேகனையின் அதிசாரங்களுள் ஒன்று, பழைய சுகங்களை நினைவில் தொடர்தல். ஆக, மறத்தலும் பிழை, நினைத்தலும் பிழை. ஏற்ற எல்லையை மறப்பது பிழை. விட்ட இன்பத்தை நினைப்பது பிழை. நினைவைத் தானாக வந்து போகும் விருந்தினராக ஆகமம் விட்டுவிடவில்லை. எதனைப் பேண வேண்டும், எதனைப் பேணாது விட வேண்டும் என்பதையும் நம் பொறுப்பில் வைத்திருக்கிறது.

சினத்தைப் பற்றிய நினைவுக்கு ஆசாரியர்கள் காலக்கணக்கே வகுத்துள்ளனர். நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்திகள் கோம்மடசாரத்தின் கர்மகாண்டத்தில் கஷாயங்களின் 'வாசனா காலத்தை', அதாவது அவற்றின் சுவடு மனத்தில் தங்கும் காலத்தைக் கூறுகிறார். சஞ்சுவலன கஷாயம் ஒரு முகூர்த்தத்திற்குள் அடங்கும். பிரத்யாக்கியானாவரணம் ஒரு பட்சம் நிற்கும். அப்ரத்யாக்கியானாவரணம் ஆறு மாதம் நிற்கும். அனந்தானுபந்தியோ பிறவிகளையும் கடந்து தொடரும். நீரில் கிழித்த கோடு, மணலில் கிழித்த கோடு, நிலத்துப் பிளவு, பாறைப் பிளவு என்னும் உவமைகள் நாம் அறிந்தவையே. சகோதரன்மேல் கொண்ட சினம் ஆறு மாதத்தையும் தாண்டி நம் நெஞ்சில் உறைந்து நிற்குமாயின், அது நற்காட்சியையே மறைக்கும் இனத்தைச் சேர்ந்ததோ என அஞ்ச வேண்டும். ஆண்டுதோறும் தசலக்ஷண பர்வத்தில் முதல் தருமமாக உத்தம பொறுமையை வைத்திருப்பதன் பொருள் இதுவே.

பார்சுவநாதர் வரலாறு இதற்குப் பெரிய சான்று. கமடனும் மருபூதியும் உடன்பிறந்தோர். பிழை செய்து நாடு கடத்தப்பட்டவன் மூத்தவனாகிய கமடன். அவனைத் தேடிச் சென்று பணிந்தவன் இளையவனாகிய மருபூதி. பணிந்தவன் தலைமேல் கமடன் கல்லைப் போட்டான். அதன்பின் பிறவிதோறும் ஓர் உயிர் பகையைச் சுமந்து வந்தது. மற்றோர் உயிர் பொறுமையைப் பயின்று வந்தது. இறுதியில் ஒருவர் தீர்த்தங்கரராக நின்றார். மற்றவன் அவர்மேல் புயலையும் மழையையும் ஏவினான். பகையைச் சுமந்த உயிருக்கு ஒவ்வொரு பிறவியிலும் வேறு முடிவெடுக்க வாய்ப்பிருந்தது. பழைய சுவடு அந்த வாய்ப்பைப் பயன்படுத்த விடவில்லை.

யசோதர காவியமோ நினைவு நல்வழி காட்டிய வரலாறு. மாவினால் செய்த கோழியைப் பலியிட்ட யசோதரனும் அவன் தாய் சந்திரமதியும் மயிலும் நாயுமாகத் தொடங்கிப் பல பிறவிகளில் உழன்று, கோழிகளாய்ப் பிறந்தபோது முனிவர் அறவுரையால் பழம்பிறப்பு உணர்ந்தனர். பின்னர் அபயருசியும் அபயமதியுமாகப் பிறந்தனர். தங்களுக்கு நஞ்சிட்டவள் யார், அம்பெய்தவன் யார் என அனைத்தும் அவர்கள் அறிந்திருந்தனர். அந்த நினைவைக் கொண்டு அவர்கள் பழிதேடவில்லை, துறவை ஏற்றனர். பலிபீடத்தின் முன் நின்றபோதும் தம் கதையைக் கூறி, மாரிதத்தன் என்னும் அரசனைக் கொலையிலிருந்து மீட்டனர். நினைவு முழுமையாக இருந்தும் சினம் இல்லாதபோது அது பிறருக்கும் அறமாக மாறிற்று.

கடினமான ஒரு கேள்வி

நம் குடும்பங்களில் இப்போது அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. ஐம்பது ஆண்டுகளாகப் பொழுது சாய்ந்தபின் உண்ணாத அன்னையார், நினைவழிவு நோயால் அதை மறந்து, இரவில் உணவு கேட்கிறார். மாலையில் உண்டதும் அவருக்கு நினைவில்லை. மகன், "அம்மாவின் விரதத்தை நாம் காக்க வேண்டும், கொடுக்கலாகாது" என்கிறார். மகள், "பசி என்று கேட்கும் தாய்க்கு மறுப்பது ஹிம்சை" என்கிறார். இருவரும் அன்பினால்தான் பேசுகின்றனர். எவர் சொல் அறம்?

முதலில், இது இயல்பான மூப்பு அன்று என்பதை உணர வேண்டும். 1906இல் அலோய்ஸ் அல்சைமர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் எடுத்துரைத்ததும், அவர் பெயராலேயே வழங்குவதுமான நோயும், அதைப் போன்ற பிறவும் மூளையின் நோய்கள். இரண்டாவது, விரதம் என்பது ஏற்பவர் தம் விழிப்புடன் காக்கும் உறுதி. விழிப்பே நோயால் அகன்றபோது நிகழும் மறதியைச் சோம்பலால் வந்த பிரமாதத்தோடு ஒப்பிடலாகாது. ஒருவர் விரதத்தை மற்றவர் வற்புறுத்திக் காத்தல் இயலாது. அவ்வாறு காத்ததும் விரதம் ஆகாது. ஆகவே தாய் அழுது கேட்கையில் கடிந்து மறுப்பதில் அறம் இல்லை.

ஆயினும் அவர் ஐம்பதாண்டு வாழ்ந்த வாழ்வு நமக்குப் பொருளற்றதாகிவிடவும் கூடாது. நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் உபகூகனம், ஸ்திதிகரணம், வாத்சல்யம் என்பன இங்கு வழிகாட்டுகின்றன. அன்னையின் தவறுதலைப் பிறரறியப் பேசாதிருத்தல் உபகூகனம். பொழுதிருக்கையில் வயிறார ஊட்டி, விளக்கேற்றியபின் அடுக்களைப் பேச்சை எடுக்காது, பழகிய துதிப்பாடலை அவர் செவியில் ஒலிக்கச் செய்து, இரவுப் பசி எழாதபடி பார்த்துக்கொள்வது ஸ்திதிகரணம். அப்படியும் கேட்டால், சினமின்றிச் சிறிது கொடுப்பது வாத்சல்யம். மகனும் மகளும் இரண்டையும் சேர்த்துச் செய்யலாம்.

நற்பழக்கத்தின் ஆற்றலையும் இங்கு நினைக்க வேண்டும். ஹென்றி மொலேசன் என்னும் அமெரிக்கருக்கு 1953இல் வலிப்பு நோய்க்காகச் செய்த மூளை அறுவைக்குப் பின், புதிய நிகழ்ச்சி எதுவும் நினைவில் தங்கவில்லை. 2008இல் மறையும் வரை அவர் அவ்வாறே வாழ்ந்தார். ஆயினும் கண்ணாடியில் பார்த்து நட்சத்திர வடிவின்மீது கோடு வரையும் பயிற்சியை நாள்தோறும் அளித்தபோது, முந்தைய நாள் பயிற்சி நினைவில்லாமலே அவர் கை தேர்ச்சி பெற்றதை பிரெண்டா மில்னர் கண்டறிந்தார். உள்ளம் மறந்ததைக் கை அறிந்திருந்தது. இளமையிலிருந்தே ஜினாலயம் சென்று வலம்வருதலும், பஞ்ச நமஸ்காரம் ஓதுதலும், நீரை வடிகட்டிப் பருகுதலும் பழகியவர், பெயர்களை மறந்த பின்னும் அவற்றைச் செய்வதன் காரணம் இதுதான் எனலாம். ஆகவே முதுமைக்கான முடிவுகளை முதுமையில் எடுக்கலாம் எனக் காத்திருத்தல் ஆகாது. இன்று பழகுவதே அன்று துணை நிற்கும்.

செய்யத்தக்கவை

குந்தகுந்த ஆசாரியர் சமயசாரத்தில் பிரதிக்கிரமணம், ஆலோசனை, பிரத்யாக்கியானம் என மூன்றினைக் கூறுகிறார். சென்றதிலிருந்து ஆன்மாவை மீட்பது முதலாவது. நிகழ்வதை உள்ளவாறு காண்பது இரண்டாவது. வருவதை விலக்குவேன் என உறுதிகொள்வது மூன்றாவது. நினைவையும் தீர்மானத்தையும் இணைக்கும் பாலம் இதுவே. நாள்தோறும் மாலையில் கால்மணி நேரம் இதற்கு ஒதுக்குவோர், அன்றைய துணிவுகளை அன்றே சரிபார்த்துவிடுகின்றனர். தவறான தாரணை பாறையாக இறுகுமுன் கரைந்துவிடுகிறது.

குடும்பத்தில் பெரியவர்களைக் கலந்து முடிவெடுக்கும்போது, அவர்கள் தெளிவாக இருக்கும் காலை வேளையில், ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும், இன்றைய விலையும் நிலையும் விளக்கிக் கேட்கலாம். பேசி முடித்ததை எழுதி அனைவரும் கையொப்பமிடலாம். நோய் முற்றிய நிலையில் எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டா என்பதை முன்னதாக எழுதிவைக்கும் ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்று, 2023இல் அதன் நடைமுறையை எளிதாக்கியது. இரு சாட்சிகள் முன் கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரியின் சான்றும் பெற்றால் போதும். தம் விரதங்களைப் பற்றியும் தம் இறுதி நாட்களைப் பற்றியும் கருத்துடையோர், தெளிவுள்ளபோதே பிள்ளைகளிடம் சொல்லியும் எழுதியும் வைத்தல், பின்னர் பிள்ளைகளிடையே பிணக்கு வாராமல் காக்கும்.

நினைவு மங்கிய பெரியவர் இல்லத்தில் இருந்தால், அவரை "நேற்று என்ன நடந்தது?" என்று சோதிப்பதை விட்டு, "என்ன செய்தால் நல்லது?" என்று கேட்டுப் பாருங்கள். முன்னதற்கு விடை கிடைக்காதுபோகலாம். பின்னதற்கு அவர் கூறும் விடையில் ஒரு வாழ்நாளின் பொறுமை இருக்கக் கூடும். அதைக் கேட்டபின் முடிவெடுங்கள்.

வாழ்க ஜினதர்மம்!